தாணுவய்யர் படுத்துப் பார்த்த மெத்தை

சாலைக் கடைத்தெருவில் மீரான் பிள்ளையின் மெத்தைக் கடை. பட்டப்பகல். சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, போட்ட கோட்டோடு ஒரு மெத்தைமேல் ஏறி, வலது பக்கமாக ஒருக்களித்து, இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கமாகப் புரண்டு படுத்தார்.

சேதி சாயங்காலத்துக்குள் பழவங்காடியைக் கடந்து எங்கள் கரமனை அக்கிரகாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. வருகிற வழியில் அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. தாணுவய்யர் குறட்டை விட்டார் என்று ஒருவர் சொன்னார். கடை மெத்தையில் படுத்த மனுஷர் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாரா என்று இன்னொருவர் கவலைப்பட்டார். அடுத்தவர் ஆசாரத்தைப் பற்றிக் கவலைப்பட எங்கள் தெருவில் ஆளுக்குக் குறைவே கிடையாது.

அவர் ஏன் படுத்தார் என்று எனக்குத் தெரியும். தாணுவய்யர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அவர் மனைவி நீலாம்பாள் மாமி புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகுவது எனக்குக் கேட்கும். நான் அந்தத் தெருவுக்கு மாட்டுப்பெண்ணாக வந்த புதிதில் அங்கே யாரோ சீக்காளி இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். காலையில் பார்த்தால் மாமி குளித்து, மடி உடுத்தி, சமையல் முடித்து, சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு அப்போது வயது ஐம்பதுகூட இல்லை. மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் ஆறு எங்கள் கொல்லைகளிலும் ஏறியது. தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்குள் வந்திருந்த சேற்றையெல்லாம் மாமி ஒருத்தியாக வாரிக் கழுவினாள். தரை காய்வதற்கு மாசக்கணக்காயிற்று. அந்த ஈரத்தரையிலேயே பாயை விரித்துப் படுத்தாள். அந்த வருஷம் விரல் முட்டெல்லாம் வீங்கியது. அடுத்த வருஷம் இடுப்பு, அப்புறம் முழங்கால். எண்ணெயும் மூலிகைக் குழம்பும் தடவித் தடவி அவள் புடவையிலேயே மருந்து வாசனை நின்றுவிட்டது.

முழங்கால் இரண்டையும் மாமி தன் மாட்டுப்பெண்கள் என்பாள். "மூத்தவ எழுந்தா இளையவ எழுந்திருக்கமாட்டா. ரெண்டு பேரையும் கெஞ்சிக் கொஞ்சி அடுக்களைக்குக் கூட்டிண்டு போறதுக்குள்ள விடிஞ்சுடறது" என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். வலியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தெரிந்தவளுக்கு வலி இருப்பதாக யாரும் நம்புவதில்லை. அது அவள் செய்த தப்பு என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

தாணுவய்யர் சுசீந்திரத்துக்காரர். கச்சேரியில் கணக்கெழுதிக் கணக்கெழுதி, பேச்சையும் எண்ணி எண்ணியே செலவழிப்பவர். வீட்டில் அவர் குரல் கேட்டால் 'தீர்த்தம்' என்று இருக்கும், இல்லாவிட்டால் 'குடை எங்கே' என்று இருக்கும். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு சுகம் உண்டு. அது அவருடைய மெத்தை. கூடத்தில் கட்டில் போட்டு, அதன்மேல் கல்யாணத்தில் வந்த இலவம்பஞ்சு மெத்தை. வருஷாவருஷம் வெயில் காலத்தில் அதைப் பிரித்துப் புதுப் பஞ்சு சேர்ப்பார். படுத்தால் ஆள் இருக்கிற இடம் தெரியாமல் உள்ளே போய்விடுவார். கொஞ்சம் கட்டியாகிவிட்டால் அன்று முழுவதும் முகம் சரியிருக்காது.

மாமிக்கு மெத்தை கிடையாது. எங்கள் தெருவில் அடுப்படியைப் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் கிடையாது என்றே சொல்லலாம். பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது. ஆகவே அது மடிக்கு ஆகாது. கோரைப்பாய் என்றால் நனைத்து உலர்த்திவிடலாம். ஆண்கள் மடியில்லாமல் விழுப்பில் படுத்து எழுந்தால் தோஷமில்லை. இதையெல்லாம் யார் எழுதிவைத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. கேட்டவளைத்தான் பார்ப்பார்கள்.

அவர் கடையில் படுத்த அந்த ஆண்டு மழை ஆரம்பித்ததும் மாமிக்கு உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அவளால் பாயிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. மாமா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, அடுப்பு மூட்டாமல் கிடப்பதைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, மாமியைத் தூக்க வேண்டும், கொஞ்சம் வர முடியுமா என்று என்னைக் கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அன்றே வைத்தியரை அழைத்துவந்தார். வைத்தியர் மூட்டுகளை அமுக்கிப் பார்த்துவிட்டு, எண்ணெய் எவ்வளவு போட்டாலும் குளிர்ந்த தரையில் படுத்தால் பிரயோஜனமில்லை, கட்டில் வேண்டும், அதில் நல்ல மெத்தை வேண்டும், இப்படியே விட்டால் நாலைந்து மழைக்குள் கால் முடங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாமிக்கு வெந்நீர் ஒற்றிக்கொண்டிருந்தேன். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி, அதெல்லாம் நமக்கெதுக்கு, மடி போய்விடும் என்றாள். விடியறதுக்கு முன்னாடி குளிக்கத்தானே போறாய், அதோடு விழுப்பு போச்சு என்றார் அவர். கணக்கை முடித்துக் கோடு போட்டமாதிரி இருந்தது.

முதலில் அவர் வாங்கிவந்தது தனக்குப் பிடித்தமாதிரியே ஒரு மெத்தை. சுத்த இலவம்பஞ்சு. தனக்கு எது சுகமோ அதுதானே எல்லாருக்கும் சுகம் என்று நினைத்துவிட்டார். ஆம்பிளைகளுக்கு இது சகஜம். இருந்தாலும் தன் சுகத்தில் பாதி பெண்டாட்டிக்கும் இருக்கட்டும் என்று நினைத்தவரை நான் அந்தத் தெருவில் வேறு பார்த்ததில்லை.

மாமி அதில் ஒரே ஒரு ராத்திரி படுத்தாள். படுத்த உடனே சொர்க்கம் மாதிரி இருந்ததாம். பிறகு இடுப்பு கீழே இறங்கி, முழங்கால் மேலே நின்று, புரளக் கையை ஊன்றினால் கையும் உள்ளே போய்விட்டது. காலையில் நானும் என் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். மெத்தை கடைக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்தது தென்னைநார் திணித்தது. அதில் தோளும் இடுப்பு எலும்பும் கன்றிப் போயின. அதுவும் திரும்பிப் போயிற்று. பாயே போதும், ஊர் சிரிக்கிறது என்று மாமி சொன்னாள்.

அன்று சாயங்காலம் தாணுவய்யர் ஒரு காரியம் செய்தார். மாமி அதை எனக்குச் சொன்னபோது அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவர் வந்து அவள் பாயில் உட்கார்ந்துகொண்டாராம். எங்கெல்லாம் வலிக்கிறது, ஒவ்வொன்றாகக் காட்டு என்று கேட்டாராம்.

"எனக்குச் சொல்லத் தெரியலைடி, மங்களம்" என்றாள் மாமி. "கல்யாணமாகி இத்தனை காலத்துல என்னை யாரு இப்படிக் கேட்டிருக்கா? வலிக்கறது, அவ்வளவுதான் தெரியும். எங்கேன்னு கேட்டா அழுகைதான் வந்தது."

அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்துகொண்டு அவரே அன்று அந்தப் பாயில் படுத்திருக்கிறார். மெத்தையிலேயே பழகினவர் பாயில் படுத்தால் என்ன ஆகும்? காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு நாலைந்து நாள் மாமி எப்படிப் படுக்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள், காலை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்று கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். அதைப் பாடம் பண்ணிக்கொண்டு போய்த்தான் மீரான் பிள்ளை கடையில் அப்படிப் படுத்தார்.

வேறு என்ன செய்வார்? எங்கள் தெருப் பெண்கள் சாலைக் கடைகளுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள். மீரான் பிள்ளை எங்கள் தெருவுக்குள் வந்து மாமியைப் பார்த்து அளவெடுக்க முடியாது. படுக்க வேண்டியவள் கடைக்குப் போகக்கூடாது, தைக்க வேண்டியவன் வீட்டுக்கு வரக்கூடாது. ஆக, நடுவில் தாணுவய்யர் தன் உடம்பை மாமியின் உடம்பாக வைத்துக்கொண்டு படுத்தார். சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

பல மெத்தைகளில் படுத்துப் பார்த்தபின் அவரும் மீரான் பிள்ளையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கீழே பருத்திப் பஞ்சை இறுக்கி அடித்துக் கெட்டியாகப் போடுவது. அதன்மேல் இலவம்பஞ்சு மெல்லிசாக ஒரு படை. விளிம்பை மட்டும் இன்னும் கெட்டியாகத் தைப்பது, கையை ஊன்றி எழுந்திருக்கிறதற்கு. முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை. தாணுவய்யர் அதில் படுத்துப் பார்த்தால் பாறை மாதிரி இருந்ததாம். "எனக்கு ஆகாது. அவளுக்குத்தானே, இப்படியே தை" என்று சொல்லிவிட்டு வந்தார். மீரான் பிள்ளை, மழை விட்டு வெயில் வரட்டும், ஈரப் பஞ்சைத் தைத்தால் கட்டி கட்டியாகிவிடும் என்றாராம்.

அதுமுதல் தாணுவய்யர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கச்சேரிக்குக் கிளம்பும்போது குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்; வந்ததும் பார்ப்பார். கட்டில் முன்னமேயே வந்து மாமியின் இடத்தில் வெறுமையாகக் கிடந்தது. மாமி அதன் சட்டத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அந்த மழை நாட்களில் அவளுக்கு வலி எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. மெத்தை வந்தால் முதல் நாள் பகலிலேயே படுத்துத் தூங்கப்போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி என்றாள்.

வெயில் வருவதற்குள் தாணுவய்யர் போய்விட்டார். ஆற்றில் முங்கி எழுந்தவர் படிக்கட்டில் உட்கார்ந்தார்; மார்பைத் தடவிக்கொண்டார்; சாய்ந்துவிட்டார். வீட்டுக்குத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை. நாலு பேர் ஈர வேட்டியோடு அவரைக் கூடத்துத் தரையில் கிடத்தினார்கள். மாமி அவர் பக்கத்தில் உட்கார முயன்றாள். முழங்கால் மடங்கவில்லை. நின்றுகொண்டே பார்த்தாள். எல்லாப் பெண்களும் விழுந்து அழுகிறபோது அவள் மட்டும் நின்றதை அன்றைக்கே சிலர் கவனித்து வைத்துக்கொண்டார்கள்.

அவர் ஆசையாகப் படுத்த அந்த இலவம்பஞ்சு மெத்தையை வழக்கப்படி மறுநாளே வெட்டியானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை ஹரிஹரன் கொல்லத்திலிருந்து வந்தான். அவனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளைதான். பெரியவர்கள் எது சொன்னாலும் சரி என்பான். தாணுவய்யரின் அக்கா பகவதி அத்தை சுசீந்திரத்திலிருந்து வந்து, வந்த கையோடு வீட்டை எடுத்துக்கொண்டாள்.

சாவு நடந்து ஒரு வாரத்துக்குள் வெயில் அடித்தது. அதற்குப் பிறகு மீரான் பிள்ளையின் ஆள் தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு தெருக்கோடியில் வந்து நின்றான். அவர்களுக்கு விஷயம் தெரியாது. என் வீட்டுக்காரர் போய் வாங்கிவந்தார். தீட்டு வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது என்பதால் எங்கள் கூடத்தில் சுருட்டி வைத்தோம். சிவப்புக் கோடு போட்ட கெட்டித் துணி. நான் கையை ஊன்றி அமுக்கிப் பார்த்தேன். கை அமுங்கி, ஒரு இடத்தில் நின்றது. மாமிக்கு இது சரியாக இருக்கும் என்று தெரிந்தது. உடனே என்ன நினைக்கிறோம் என்று உறைத்து, கையை எடுத்துக்கொண்டேன். விதவைக்கு மெத்தை ஏது.

கொல்லை வேலியோரம் மாமி வந்து நின்றாள். வந்துடுத்தாமே என்றாள். ஆமாம் என்றேன். விளிம்பு கெட்டியா இருக்கா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

பத்தாம் நாள் அவளுக்கு என்னென்ன செய்தார்களோ, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும்.

பன்னிரண்டாம் நாள் தானங்களைப் பற்றி அதற்கு முன்பே பேச்சு வந்தது. போனவர் போகிற இடத்தில் அனுபவிப்பதற்காகக் குடை, செருப்பு, செம்பு, விளக்கு எல்லாம் கொடுப்பது போலப் படுக்கையும் கொடுக்க வேண்டும். கட்டில், மெத்தை, தலையணை. ஒரு பிராமணரை அதில் உட்காரவைத்து, போனவராகவே பாவித்து உபசாரம் செய்து, ஒரு தரம் படுத்து எழுந்திருக்கச் சொல்லித் தாரை வார்த்துத் தத்தம் பண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் படுத்தால் போனவருக்கு அங்கே படுக்கை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மெத்தை புதிதாக இருக்க வேண்டும், ஒருவரும் படுத்திருக்கக்கூடாது. பகவதி அத்தைக்கு உடனே எங்கள் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. புது மெத்தையும் கட்டிலும் தயாராக இருக்கிறபோது வேறு எதற்கு, பகவானே பார்த்து அனுப்பியிருக்கிறான் என்றாள். ஹரிஹரன் சரி என்றான்.

மாமி அறைக்கு உள்ளே சுவரோரம் இருந்தாள். அத்தனை நாளும் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. இப்போது வாயைத் திறந்தாள்.

"அது வேண்டாம்டா, ஹரி. அது அவருக்கு ஒத்துக்காது. அவருக்கு மெத்துன்னு இருக்கணும். வேற வாங்கு."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பகவதி அத்தை நிதானமாகத்தான் கேட்டாள்.

"அப்போ இந்த மெத்தை யாருக்கு, நீலா?"

மாமி என்ன சொல்வாள்? அந்த வீட்டில் அந்த மெத்தைக்கு ஒரே ஒரு உடம்பு பொருந்தும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. எல்லாரும் அவரவருக்குப் புரிந்ததைப் புரிந்துகொண்டார்கள். "நான் பதினாறு வயசுலேந்து தரையிலதான் கெடக்கறேன்" என்றாள் அத்தை. "தரை யாரையும் முழுங்கிடலை." அதில் கோபம்கூட இல்லை. அவளுக்கு நடந்ததைத்தான் சொன்னாள். அவளுக்கு இரக்கம் வராததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு யாரும் இரங்கியதில்லை.

அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பேச்சு. புருஷன் போய் இன்னும் காரியம் முடியவில்லை, மெத்தைக்கு ஆசைப்படுகிறாள் என்றார்கள். அன்றைக்குப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்காரவே இல்லையே என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. தாணுவய்யர் கடையில் படுத்ததற்குச் சிரித்த அதே வாய்கள். அந்த வாய்களை அரிவாள்மணையில் வைத்து நறுக்கினால் என்ன என்று எனக்கு இருந்தது. ஹரிஹரன் அவமானப்பட்டுப் போனான். அம்மாவிடம் போய், இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே என்று கையைக் கூப்பினான்.

மறுநாள் வேலியோரம் மாமி என்னிடம், "சத்தியமா எனக்குன்னு கேக்கலைடி" என்றாள். தெரியும் மாமி என்றேன். வாழைமட்டையிலிருந்து நார் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குன்னும் கேட்டேனோ என்னமோ. உள்ளே என்ன இருந்துதுன்னு எனக்கே தெரியலை. ஆனா அவர் இதுல படுத்தா தூங்கமாட்டார். அது மட்டும் நிஜம்."

நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். வேறு மெத்தை நாமே வாங்கிக் கொடுத்தால் என்ன என்றேன். அடுத்த வீட்டுத் தானத்துக்கு நாம் மெத்தை வாங்கினால் ஹரிஹரனுக்கு அது கௌரவக் குறைச்சல் என்றார். காரியம் செய்துவைக்கிற வாத்தியார் வீட்டு மாமியிடமும் சொல்லிப் பார்த்தேன். போனவருக்கு உடம்பு ஏது, மெத்தென்று இருந்தால் என்ன, கட்டியாக இருந்தால் என்ன என்றாள். உடம்பு இல்லாதவருக்கு மெத்தை எதற்கு என்று நான் கேட்டேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தது. கூடத்தில் மாமியின் கட்டிலைப் போட்டு, எங்கள் வீட்டிலிருந்து மெத்தையைத் தூக்கிவந்து விரித்தார்கள். மீரான் பிள்ளை முழங்காலுக்கென்று தைத்த சின்னத் தலையணை எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. காலடியில் வைத்தார்கள். பெண்கள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

தானம் வாங்க வந்தவர் நல்ல பருமனான மனிதர். வடசேரிப் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். சந்தனம் பூசி, மாலை போட்டு, அவரைக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். ஹரிஹரன் காலைத் தொட்டு உபசாரம் செய்தான். மந்திரத்துக்கு நடுவில் வாத்தியார் தாணுவய்யரின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி, அவரே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். வந்தவர் மெல்லச் சாய்ந்து மல்லாந்து படுத்தார். அப்புறம் உடம்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"திருப்தியா?" என்று ஹரிஹரனைக் கேட்கச் சொன்னார் வாத்தியார். ஹரிஹரன் கேட்டான்.

"திருப்திதான்" என்றார் அவர். பிறகு இடுப்புக்கடியில் கையை விட்டுக்கொண்டு, "கொஞ்சம் கெட்டி, கடுப்பமாக்கும். தூக்கம் வரக் கஷ்டம். சாரமில்லை, போகட்டும்" என்றார்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்கூட. வாத்தியார் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் மாமியின் கை நழுவியது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் போன அன்றுகூட வாய்விட்டு அழாதவள், பத்தாம் நாள் கல்லாக உட்கார்ந்திருந்தவள், அப்போது அழுதாள். குரல் உடைந்து, மூச்சுப் பிடிக்காமல், கேட்கிறவர்கள் குலை நடுங்க அழுதாள். இப்போதாவது அழுகிறாளே என்று பெண்களுக்கெல்லாம் ஒரு சமாதானம். பகவதி அத்தை வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். 'ஒத்துக்காதுன்னு சொன்னேனே, சொன்னேனே' என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தது என் காதில் மட்டும்தான் சரியாக விழுந்தது என்று நினைக்கிறேன்.

கட்டிலும் மெத்தையும் மத்தியானமே வண்டியில் ஏறிப் போய்விட்டன. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் நான் மாமிக்குக் கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. மாமி தன் கோரைப்பாயைச் சுருட்டி, கயிறு கட்டி, சுவரில் சாத்தியிருந்தாள்.

இது ஏன் என்று கேட்டேன்.

"அவர் அங்கே தூக்கமில்லாம புரண்டுண்டிருக்கார். என் முழங்காலுக்குன்னு தச்சதுல" என்றாள். "எனக்கெதுக்குடி பாய்?"

நான் என்னென்னவோ சொன்னேன். வந்தவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார், அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்றேன். வெறுந் தரையில் படுத்தால் கால் முடங்கிவிடும் என்றேன். கடைசியில், எனக்கே அழுகை வந்து, அது மாமாவே படுத்துப் பார்த்துத் தைக்கச் சொன்ன மெத்தையில்லையா, உங்களுக்காக என்றால் அவருக்கு அது நோகவே நோகாது என்றேன்.

மாமி அதை யோசித்தாள். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டுவிடுவாள் என்று ஒரு கணம் நம்பினேன்.

"எனக்காகப் படுத்துப் பாத்தது ஒரு நாழிதானே, மங்களம்" என்றாள். "இது எத்தனை காலத்துக்கோ."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். முழங்கால் மடங்க நேரமாயிற்று. நான் கை கொடுத்தேன். வெறுந் தரையில் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். அதற்கப்புறம் அவள் உயிரோடு இருந்த வருஷங்களில் அந்தப் பாயை ஒரு தடவைகூட விரிக்கவில்லை. தெருவில் அவளை உத்தமி என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.